பருவநிலை மாற்றமும் நகரக் கட்டமைப்புகளும்: ஒடாஹுஹு தரும் பாடம்

2006-ஆம் ஆண்டு ஜூன் 12, திங்கட்கிழமை. நியூசிலாந்தில் அது குளிர்காலம். ஆக்லாந்து நகரில் காலையிலிருந்தே பலத்த காற்று. மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிக் கொண்டிருந்த எட்டரை மணியளவில், நகரின் தெற்கே ஒடாஹுஹு துணை மின்நிலையத்தில் நிலத்தொடர்புக் கம்பி ஒன்றைப் பிடித்திருந்த இரும்புக் கொக்கி அறுந்தது. கம்பி கீழே இருந்த 110 கிலோவோல்ட் மின்தடங்களின் மேல் விழுந்தது. சில நொடிகளில் ஏறத்தாழ 2,30,000 மின் இணைப்புகள் செயலிழந்தன. குறைந்தது ஏழு லட்சம் பேர் மின்சாரமின்றி நின்றார்கள். போக்குவரத்து விளக்குகள் அணைந்தன. மின்தூக்கிகளில் ஆட்கள் சிக்கினார்கள். கடைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. பெரும்பாலான பகுதிகளுக்கு மின்சாரம் திரும்பியபோது பிற்பகல் ஆகிவிட்டது.

அந்தக் கொக்கி துருப்பிடித்திருந்தது. காற்று பலமாக இருந்தது உண்மை. ஆனால் காற்று மட்டும் குற்றவாளி அல்ல. துருவில் அரித்துப்போன ஒரு சிறு இரும்புத் துண்டைக் காற்று கண்டுபிடித்தது என்பதே சரியான விளக்கம். பருவநிலை மாற்றம் நகரங்களை எப்படித் தாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2006 காற்றைப் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுத வேண்டியதில்லை. ஆனால் இனி வரப்போகும் காற்றும் மழையும் வெயிலும் இப்படிப்பட்ட கொக்கிகளைத்தான் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கப் போகின்றன.

இரு கடல்களுக்கு இடையே ஒரு கழுத்து

ஒடாஹுஹு ஆக்லாந்து நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 13 கி.மீ. தென்கிழக்கே உள்ள புறநகர். மாவோரி மொழியில் அதன் பெயருக்குத் 'தாஹுஹு என்பவரின் இடம்' என்று பொருள் சொல்வார்கள். ஊரின் கிழக்கே தாமாக்கி ஆற்றின் கழிமுகம். அது பசிபிக் பெருங்கடலின் பக்கம். மேற்கே மனுக்காவ் துறைமுகத்தின் உள்முனை. அது டாஸ்மன் கடலின் பக்கம். இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் நிலத்தின் அகலம் ஏறத்தாழ 1.2 கி.மீ. மட்டுமே. மாவோரி மக்கள் தங்கள் மரக்கலங்களை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு இந்த நிலத்தின் மேல் இழுத்துச் சென்றார்கள். அந்தப் பாதை இன்றும் 'போர்ட்டேஜ் ரோடு' என்ற பெயரில் தெருவாக இருக்கிறது. வெள்ளையர் வந்தபின் அங்கே கால்வாய் வெட்டும் கனவும் எழுந்தது. 1908-இல் அதற்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. கால்வாய் வரவில்லை.

கால்வாய் வராவிட்டாலும் மற்ற எல்லாம் அந்தக் கழுத்தின் வழியே வந்தன. தெற்கிலிருந்து ஆக்லாந்துக்குள் நுழையும் தேசிய நெடுஞ்சாலை, அதற்கு முந்தைய கிரேட் சவுத் ரோடு, வடக்குத் தீவின் தலையாய ரயில்பாதை ஆகியவை இந்தக் குறுகிய நிலத்தைக் கடந்தே செல்கின்றன. மின்சாரத்தின் கதையும் அதுதான். நியூசிலாந்தின் நீர்மின் நிலையங்களும் புவிவெப்ப நிலையங்களும் பெரும்பாலும் தெற்கே உள்ளன. மக்களோ வடக்கே ஆக்லாந்தில் குவிந்திருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு நகரில். தெற்கிலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிகள் சேரும் பெரிய சந்திப்பாக ஒடாஹுஹு துணை மின்நிலையம் அமைந்தது. ஒடாஹுஹுவிலேயே ஓர் இயற்கை எரிவாயு மின்நிலையமும் இயங்கி வந்தது. அது 2015-இல் மூடப்பட்டது. அதன்பின் தெற்கிலிருந்து வரும் கம்பிகளின் முக்கியத்துவம் இன்னும் கூடியது.

ஒரு நகரின் உயிர்நாடிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் கட்டுவதற்குச் செலவு குறைவு, நிர்வகிக்கவும் எளிது. ஆனால் அந்த ஓரிடம் விழுந்தால் எல்லாம் விழும். பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது வெப்பமானியைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. இந்தக் குவிதலைப் பற்றியும் பேச வேண்டும்.

வெப்பமும் வறட்சியும்

2006-க்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஆக்லாந்து ஒரு பாடம் படித்திருந்தது. 1997-98 கோடை எல் நினோவின் தாக்கத்தில் வெப்பமும் வறட்சியுமாக இருந்தது. நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுசென்றவை நான்கு முதன்மை நிலத்தடிக் கேபிள்கள். அவற்றுள் இரண்டு நாற்பது ஆண்டுப் பழமையானவை. 1998 ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் மற்றொன்று எனப் பழைய கேபிள்கள் பழுதாயின. சுமை முழுவதும் எஞ்சிய இரண்டின் மேல் ஏறியது. பிப்ரவரி 20-ஆம் தேதிக்குள் அவையும் போயின. நாட்டின் மிகப் பெரிய வணிக மையம் ஐந்து வாரங்கள் இருளில் கிடந்தது. அங்கே வேலை செய்துவந்த ஏறத்தாழ 74,000 பேரில் 60,000 பேர் வீட்டிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ வேலை பார்க்க நேர்ந்தது.

நிலத்தடிக் கேபிளுக்கும் வறட்சிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். மின்சாரம் பாயும் கேபிள் சூடாகும். அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள மண் வாங்கிக்கொள்ளும். ஈரமான மண் சூட்டை எளிதாகக் கடத்தும். காய்ந்த மண் போர்வை போல் அதைப் பிடித்து வைக்கும். அதே நேரத்தில் குளிர்சாதனங்கள் ஓடுவதால் மின்தேவையும் கூடும். ஆக, கேபிள் அதிகம் உழைக்க வேண்டிய நாளும், அதன் சூடு வெளியேற வழியில்லாத நாளும் ஒரே நாளாகிவிடுகின்றன. மேலே தொங்கும் கம்பிகளுக்கும் இதே நிலைதான். வெப்பத்தில் அவை நீண்டு தொய்வதால் முழுச் சுமையை ஏற்ற முடியாது. தண்டவாளமும் விரிந்து வளையக்கூடும் என்பதால் கடும் வெயில் நாட்களில் ஆக்லாந்தின் புறநகர் ரயில்கள் வேகத்தைக் குறைத்து ஓட்டப்படுகின்றன.

குடிநீரும் இதற்கு விலக்கல்ல. 2020-இல் வறட்சியால் ஆக்லாந்தின் அணைகளில் நீர் பாதிக்கும் கீழே இறங்கியது. மே மாதத்திலிருந்து தோட்டக் குழாய்க்குத் தடை வந்தது. வைக்காட்டோ ஆற்றிலிருந்து கூடுதல் நீர் எடுக்க அவசர அவசரமாகப் புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டு 2021-இல் இயங்கத் தொடங்கியது. இதற்கு ஓராண்டு முன்புதான், 2019-இல், சென்னையின் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

வேடிக்கை என்னவென்றால், மழை அதிகமானாலும் குடிநீர் குறையக்கூடும். 2017 மார்ச்சில் ஹுனுவா மலைத்தொடரில் கொட்டிய மழை அணைகளுக்குள் ஏராளமான வண்டலை அடித்து வந்தது. கலங்கிய நீரைச் சுத்திகரிக்கும் வேகம் குறைந்ததால், வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோதே தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

ஒரு மாலைப் பொழுதில் பெய்த மழை

காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பது இயற்பியல். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் அளவு மாறாவிட்டாலும், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் தன்மை கூடுகிறது. மழைநீர் வடிகால்களோ கடந்த காலத்து மழைக் கணக்கை வைத்துக் கட்டப்பட்டவை.

2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. ஆக்லாந்து விமான நிலையத்தில் 24 மணி நேரத்தில் 249 மி.மீ. மழை பதிவாயிற்று. அதற்கு முந்தைய உச்ச அளவு 1985-இல் பதிவான 161.8 மி.மீ. அதாவது, முந்தைய சாதனையை ஒன்றரை மடங்காக முறியடித்த மழை. நான்கு பேர் உயிரிழந்தார்கள். விமான நிலையக் கட்டடத்துக்குள் வெள்ளம் புகுந்து விமானங்கள் நின்றன. அவசரநிலை அறிவிப்பு இரவு பத்து மணிக்குப் பிறகே வந்தது. அதற்குள் பல வீடுகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. முன்னாள் காவல்துறை ஆணையர் மைக் புஷ் தலைமையில் நடந்த ஆய்வு, இந்த அளவு பேரிடருக்கு நிர்வாகம் ஆயத்தமாக இல்லை என்று கூறியது. இரண்டு வாரங்களில் கேப்ரியல் புயல் வந்து ஈரம் காயாத நிலத்தில் மீண்டும் அடித்தது.

2015 டிசம்பர் முதல் தேதியைக் கண்ட சென்னை வாசகர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இராது. அன்றும் ஒரு விமான நிலையம் நீரில் மூழ்கியது; அதன் ஓடுபாதை அடையாற்றின் மேலேயே நீண்டிருந்தது. இரு நகரங்களிலும் வெள்ளம் புகுந்த இடங்கள் பலவும் முன்பு நீர் இருந்த இடங்களே. ஓடையைக் குழாய்க்குள் அடைத்து மேலே வீடு கட்டினாலும், பெருமழை வரும்போது நீர் தன் பழைய வழியைத்தான் தேடுகிறது.

கடலின் பங்கு

கடல் மட்டம் உயர்வதை வெறும் கரையோர வீடுகளின் பிரச்சினையாகவே பலர் காண்கிறார்கள். ஆக்லாந்தின் மிகப் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் விமான நிலையமும் மனுக்காவ் துறைமுகத்தின் கரையில், மாங்கெரே பகுதியில் உள்ளன. மழைநீர் வடிகால்கள் பல புவியீர்ப்பால் கடலுக்குள் வடிபவை. வடிகாலின் வாய்க்கு மேலே கடல் நிற்கும்போது நீர் வெளியேற முடியாது. பின்வாங்கித் தெருவுக்கே வரும். ஓதம் உச்சத்தில் இருக்கும் வேளையில் பெருமழையும் சேர்ந்தால் இரட்டை அடி.

நியூசிலாந்து நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் ஆணையர் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டம் 30 செ.மீ. உயர்ந்தால், ஆக்லாந்தில் இதுவரை நூறாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்பட்ட கடல்வெள்ளம் ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும். 30 செ.மீ. என்பது பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோல் நீளம்தான். கடல் ஒரேயடியாக நகரை விழுங்கப் போவதில்லை. அரிதாக வந்த வெள்ளம் அடிக்கடி வரத் தொடங்கும். சாலையும் மின்பெட்டியும் குழாயும் உப்புநீரில் ஊறுவது அதிகரிக்கும். மீண்டும் அந்தத் துருப்பிடித்த கொக்கிதான்!

ஒன்றைத் தொட்டால் மற்றொன்று

கேப்ரியல் புயலின்போது ஹாக்ஸ் பே பகுதியில் ரெட்கிளிஃப் துணை மின்நிலையம் ஆற்று வெள்ளத்தில் மூழ்கியது. நேப்பியர் நகரம் மின்சாரத்தை இழந்தது. மின்சாரம் போனதும் கைப்பேசிக் கோபுரங்கள் மின்கலம் தீர்ந்து அணைந்தன. தொலைத்தொடர்பு போனதும் அட்டை வழிப் பணம் செலுத்த வழியில்லை. ரொக்கம் கையில் இல்லாதவர்கள் பொருள் வாங்க முடியவில்லை. மின்சாரம் இல்லாமல் பெட்ரோல் பங்க் ஓடாது. கழிவுநீர் இறைக்கும் மோட்டாரும் ஓடாது.

ஒவ்வொரு துறையும் தன் சொத்தை மட்டும் பார்த்துப் பாதுகாப்புத் திட்டம் போட்டால், இந்தத் தொடர்பு யார் கண்ணிலும் படாது. மின்துறை பொறியாளருக்கு ஆற்றின் மட்டம் தெரிய வேண்டும். குடிநீர்த் துறைக்கு மின்தடை எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்று தெரிய வேண்டும்.

தகவமைப்பு வழிகள்

1. இரண்டாவது பாதை. 1998-க்குப் பின், பென்ரோஸ் பகுதியிலிருந்து நகர மையத்துக்கு 9.2 கி.மீ. நீளச் சுரங்கம் தோண்டி அதில் கேபிள்கள் அமைத்தார்கள். 2001-இல் அது முடிந்தது. 2006-க்குப் பின், ஒடாஹுஹுவில் பழைய திறந்தவெளி மின்தடங்களோடு, கட்டடத்துக்குள் அமைந்த தனி மின்தடத் தொகுதி ஒன்றும் கட்டப்பட்டது. ஒன்று பழுதானால் மற்றொன்று இயங்கும். 2012-இல் தெற்கே வக்காமாருவிலிருந்து ஒடாஹுஹுவைத் தொடாமல் பக்குரங்காவுக்குப் புதிய மின்பாதை வந்தது. 2014-இல் அங்கிருந்து நகரின் வடபகுதி வரை நிலத்தடிக் கேபிள் நீண்டது. ஒரே கழுத்தை நம்பியிருந்த நகருக்கு இப்போது மாற்றுவழி உண்டு. இவை பருவநிலையின் பெயரால் செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் சிறந்த தகவமைப்புப் பணிகள்.

2. நீருக்கு இடம் விடுதல். 2023 வெள்ளத்துக்குப் பின் ஆக்லாந்து மாநகராட்சி 'நீருக்கு இடமளித்தல்' என்ற பத்தாண்டுத் திட்டத்தை வகுத்தது. அதன் முதற்பணிகள் ஒடாஹுஹுவுக்கு அண்டையிலுள்ள மாங்கெரேயில் ஹரனியா, தே அரராட்டா என்ற இரு ஓடைகளில் தொடங்கின. ஹரனியாவில் நடந்தது கவனிக்கத்தக்கது. அங்கே ஒரு பெரிய கழிவுநீர்க் குழாயைத் தாங்குவதற்காக ஓடையின் குறுக்கே மண்கரை போட்டிருந்தார்கள். பெருமழையில் அந்தக் கரையே அணையாகி வெள்ளத்தைக் குடியிருப்புக்குள் தள்ளியது. அந்தக் கரையை அகற்றிக் குழாயைப் பாலத்தின் மேல் கொண்டுசெல்வதும், ஓடையை அகலப்படுத்துவதும் திட்டம். ஒரு கட்டமைப்பு இன்னொன்றின் வழியை அடைத்த தவற்றைத் திருத்தும் வேலை இது.

தமிழர்களுக்கு இது புதிய தத்துவம் அன்று. ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே நீர் வெளியேறி அடுத்த ஏரிக்குப் போகும்படி நம் முன்னோர் சங்கிலித்தொடர் அமைத்தார்கள். நிரம்பினால் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் அவர்கள் ஏரி வெட்டவில்லை. அந்தக் கால்வாய்களை மனைகளாக்கியதும், பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பையும் கட்டடமும் கொட்டியதும் நம் காலத்து வேலைகள்.

3. பெரிய கொள்ளளவு. ஆக்லாந்தின் பழைய பகுதிகளில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. மழைக்காலத்தில் அது வழிந்து கடலில் கலக்கும். இதைத் தடுக்க 16.2 கி.மீ. நீளமும் 4.5 மீட்டர் விட்டமும் கொண்ட சுரங்கம் மாங்கெரே சுத்திகரிப்பு நிலையம் வரை தோண்டப்பட்டது. 2025-இல் தோண்டும் பணி முடிந்தது. ஆயினும் பெரிய குழாய்க்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் மிஞ்சும் மழை வரும்போது நீர் எந்தத் தெரு வழியே, எந்தப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுக்க வேண்டும்.

4. உயர்த்துதல். ஆக்லாந்தின் வடமேற்கு நெடுஞ்சாலையில் கடலோரமாகச் செல்லும் பகுதி மெல்ல அமிழ்ந்து, பேரோத நாட்களில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. அதை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்த்தி 2017-இல் முடித்தார்கள். இது சாலையை அகலப்படுத்தும் பணியோடு சேர்த்தே செய்யப்பட்டது. எப்படியும் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் கூடுதல் உயரம் கொடுப்பது தனியாகச் செய்வதைவிட மலிவு.

5. விலகுதல். சில இடங்களைக் காக்க முடியாது. 2023-க்குப் பின் ஆக்லாந்தில் ஏறத்தாழ 1,200 வீடுகள் உயிருக்கு ஆபத்தானவை என வகைப்படுத்தப்பட்டு, மாநகராட்சியும் நடுவண் அரசும் செலவைப் பகிர்ந்து அவற்றை வாங்கும் திட்டம் வந்தது. காப்பீடு இருந்தவர்களுக்கு வெள்ளத்துக்கு முந்தைய சந்தை மதிப்பில் 95 சதவீதம், இல்லாதவர்களுக்கு 80 சதவீதம் என்பது விதி.

6. பராமரிப்பு. பட்டியலில் கடைசியாக வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். வடிகாலின் வாயில் அடைத்த இலைகளை அள்ளுவதும், துருப்பிடித்த கொக்கியை மாற்றுவதும் செய்தித்தாளில் வராது. திறப்புவிழாக் கல்வெட்டும் கிடையாது. அதனால்தான் தள்ளிப்போடப்படுகிறது.

யாருடைய சுமை?

ஒடாஹுஹு, மாங்கெரே வட்டாரத்தில் பசிபிக் தீவு மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். பீஜியிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த நம்மவர்களும் இருக்கிறார்கள். பலர் வாடகை வீடுகளில், பெரிய குடும்பங்களாக வசிப்பவர்கள். வீட்டை விலைக்கு வாங்கும் திட்டத்தில் பணம் உரிமையாளருக்குப் போகிறது. வாடகைக்கு இருந்தவர் நனைந்த பாய் படுக்கையோடு வேறு வீடு தேட வேண்டும். பிள்ளைகளின் பள்ளி மாற வேண்டும். ஓடையை அகலப்படுத்துவது எல்லாருக்கும் நன்மை. ஆனால் அகலப்படுத்தும் இடத்தில் வீடு இருப்பவருக்கு அது இடப்பெயர்வு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேலை ஓரிடம், வீடு வேறிடம் என்ற நிலையில் தகவமைப்பு என்ற சொல்லே கசந்துபோகும்.

ஆகவே ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது எத்தனை கோடி செலவு, எத்தனை மீட்டர் சுவர் என்று கேட்பதோடு, அடுத்த பெருமழை இரவில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வராது, யார் வீட்டுக்குள் வரும் என்றும் கேட்க வேண்டும்.

முடிவாக

எந்த நகருக்கும் ஓர் ஒடாஹுஹு இருக்கும். எல்லாக் கம்பிகளும் சேரும் ஒரு துணை மின்நிலையம், எல்லா வண்டிகளும் கடக்கும் ஒரு பாலம், எல்லாக் கழிவுநீரையும் இறைக்கும் ஒரு மோட்டார் அறை. அவை எங்கே உள்ளன, எவ்வளவு உயரத்தில் உள்ளன, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன என்று அறிந்துகொள்ள உலக மாநாடு எதுவும் தேவையில்லை. புகைக்கரியைக் குறைக்கும் பெரும்பணி நாடுகளின் கையில் இருக்கிறது. அது நடந்தே ஆக வேண்டும். ஆனால் நாளை காலையே செய்யக்கூடிய பணி ஒன்று ஒவ்வொரு மாநகராட்சியின் கையிலும் இருக்கிறது. ஏணி வைத்து ஏறி, கொக்கி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது.